பத்துப் பொட்டு

அரை மணி நேரம் ஆகும் என்று சொன்னபோது கார் ஷோரூம்காரன் ஜோயல் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தில்லைநாயகம் அதை மனசுக்குள் குறித்துக்கொண்டார். மணி பார்க்காமல் நேரம் சொல்கிறவன் முன்கூட்டியே யோசித்து வைத்ததைச் சொல்கிறான். முப்பத்தொரு வருஷம் எடையளவு ஆய்வாளராக இருந்து, திருநெல்வேலிச் சீமையின் தராசுகளையும் படிக்கற்களையும் பெட்ரோல் பங்க் குழாய்களையும் சோதித்துச் சோதித்து அவர் கண்ட ஞானங்களில் இதுவும் ஒன்று. அரை மணியில் என்னவும் செய்யலாம். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், பட்டறையில், அவருடைய பழைய கார் நிற்கிறது. அவருடையது என்று இனிமேல் சொல்லக்கூடாது, பத்து நாளைக்கு முன்னால் இதே ஷோரூமில் அதைக் கொடுத்துவிட்டுத்தான் புதுக் காரை எடுத்துப் போனார், ஆனாலும் பத்து வருஷம் துடைத்த கை அப்படிச் சட்டென்று விட்டுவிடுமா. நேற்று போன் வந்தது. பழைய காரை அவர்கள் நாலாம் நாளே ஒருத்தருக்கு விற்றார்களாம், வாங்கினவர் தன் மெக்கானிக்கிடம் காட்டினாராம், முன்பக்கம் பலமாக இடிபட்டு ஒட்டுப்போட்ட வண்டி என்று அவன் சொன்னானாம், வாங்கினவர் வண்டியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுக் கத்திவிட்டுப் போனாராம். எல்லாம் 'ஆம்'. எதையும் தில்லைநாயகம் கண்ணால் பார்க்கவில்லை. இடிபட்டதா? என் வண்டியா? ஒரு கீறல் விழுந்தால் அன்று ராத்திரி சாப்பாடு இறங்காத மனுஷன் வண்டியா? என் கண்ணால் பார்க்கணும் என்று வந்துவிட்டார். வந்தால், மூடியைக் கழற்றுகிறோம், அரை மணி உட்காருங்கள் என்கிறார்கள். பட்டறைக் கதவு வேறு சாத்தியிருக்கிறது. எதற்குச் சாத்தவேண்டும்?

சோபா மெத்தென்று உள்ளே இழுத்தது. இதுவும் ஒரு வேலைதான், உட்கார்ந்தவன் சட்டென்று எழுந்துவிடக்கூடாது என்று யாரோ யோசித்துச் செய்த சோபா. அவர் நுனியிலேயே உட்கார்ந்தார். பக்கத்தில் ஆவுடையம்மாள், அவர் மனைவி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று அவர்தான் கூட்டி வந்தார். "நான் எதுக்கு, நீங்க போயிட்டு வாங்க" என்று இரண்டு முறை சொன்னாள். இரண்டு முறை. ஒரு முறை சொல்லியிருந்தால் சோம்பல் என்று விட்டிருப்பார். எதற்கு இரண்டு முறை சொன்னாள் என்று காரில் வரும்போதே ஒரு முள் குத்தியது, ஆனால் அதற்குள் வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் ஒரு மினி பஸ்காரன் குறுக்கே வந்து அந்த யோசனையை அறுத்துவிட்டான். இப்போது ஷோரூம்தான் முக்கியம். ஷோரூம்காரன் கதையை உருட்டிப் பார்த்தார். நல்ல வண்டியாக வாங்கி நல்ல விலைக்கு விற்றுவிட்டான். வாங்கினவன் எங்கேயாவது கொண்டுபோய் மோதியிருப்பான். மோதிவிட்டு, முன்னமே மோதின வண்டி என்று திரும்பக் கொண்டுவந்திருப்பான். இவன் அதை என் தலையில் கட்டப் பார்க்கிறான். பொருந்துகிறது. பொருந்தாமல் போக ஒரு நியாயமும் இல்லை. கொடுக்கும்போது இரண்டு நாள் வைத்துப் பார்த்தானே, அப்போது தெரியாத இடி இப்போது எப்படித் தெரியும்? அதைத்தான் கேட்டார், வந்ததும் வராததுமாக.

"ரெண்டு நாளு வச்சுப் பாத்தீங்கள்லா தம்பி, அப்பம் ஒங்க ஆளுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

"சார், நாங்க மேலாப்பில பாப்போம். மிச்சத்துக்கு நீங்க எழுதிக் குடுக்கதுதான் சார் நம்பிக்க. நீங்க எழுதிக் குடுத்திருக்கீங்க." ஜோயல் கோபப்படவில்லை. முப்பது வயசிருக்கும், கழுத்துப் பட்டையில் அடையாள அட்டை, நகம் வெட்டின சுத்தமான விரல். அந்த விரலால் காகிதத்தைத் திருப்பி வைத்துக் காட்டினான்.

அந்தக் காகிதம்தான். அச்சடித்த வாசகம் இது: 'என் அறிவுக்கு எட்டியவரை இவ்வாகனம் எந்த விபத்திலும் சிக்கியதில்லை.' ஊரெல்லாம் இதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறது. இவர் போடவில்லை. அறிவுக்கு எட்டியவரையாம். என்ன வழவழா கொழகொழா பேச்சு. எத்தனை மளிகைக்கடைக்காரன் இதே வார்த்தையை அவரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறான், என் அறிவுக்கு எட்டியவரை இந்தப் படிக்கல் சரியானது ஐயா என்று, கல்லைத் திருப்பினால் அடியில் துளை போட்டு ஈயத்தைச் சுரண்டியிருப்பான். சொல்கிறவன் நேராகச் சொல்லவேண்டும். பேனாவை எடுத்து அந்த மூன்று வார்த்தையையும் கோடு போட்டு அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பமும் தேதியும் வைத்தார். அடித்தல் திருத்தல் இருந்தால் ஒப்பம் வைக்கவேண்டும் என்று அந்த ஷோரூமுக்கே பாடம் எடுத்தார். ஜோயல் அன்றைக்குச் சிரித்தான், உங்களை மாதிரி யாரும் செய்யமாட்டார்கள் சார் என்றான். இன்றைக்கு அந்தக் கோட்டின்மேல்தான் விரல் வைத்தான். "நீங்களே அடிச்சிருக்கீங்க சார். அப்பம் முழுசாத் தெரிஞ்சுதான சொல்லிருக்கீங்க." இடிபட்டது நிஜமென்றால் அவர் பொய் எழுதிக் கொடுத்தவர். சந்தேகத்துக்கு இடமில்லாத பொய். பொய் சொன்னதாக எழுதிக் கொடுத்தால் பழைய வண்டி விலையைக் குறைத்துப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் வக்கீல் நோட்டீஸ், அதுவரை புதுக் காரின் பதிவுப் புத்தகம் கைக்கு வராது என்று ஜோயல் பதமாகச் சொன்னான். பணம் போகட்டும். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தேங்காய்கூட இலவசமாக வாங்காத தில்லைநாயகம் பொய்யன் என்று ஒரு கோப்பில் இருக்கும். கோப்பு எத்தனை காலம் கிடக்கும் என்று அவருக்குத் தெரியும். அவருக்குப் பயமாக இருந்தது. அதை ஒத்துக்கொள்ளத்தான் கஷ்டமாக இருந்தது.

சரி, ஒரு பேச்சுக்கு, இடிபட்டது நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். யார்? மனசு உடனே மைத்துனன் செந்தூரானிடம் போய் நின்றது. மனசுக்கு அவனிடம் போக வழி கேட்கவேண்டியதில்லை. ஒரு தடவை குற்றாலத்துக்கு என்று வண்டி வாங்கிப் போனான், திரும்பித் தரும்போது கழுவித் தந்தான். தன் வண்டியையே கழுவாதவன் ஏன் கழுவித் தந்தான் என்று அப்போதே கேட்டார், அதற்கு ஆவுடை மூன்று நாள் பேசவில்லை. ஆனால் காலையில் வாங்கி ராத்திரி தந்தான், அதற்குள் இடித்து ஒட்டிப் பெயிண்ட் அடிக்க முடியாது. மைத்துனனை அரை மனதோடு விடுவித்தார். அப்புறம் சுடலைமுத்து. பக்கத்துத் தெரு டிரைவர். வேலையில் இருந்த கடைசிக் காலத்தில் இவரை எட்டு மாசம் சென்னைக்கு மாற்றுப் பணியில் அனுப்பினார்கள், ஐப்பசியில் போய் ஆனியில் வந்தார். பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று வாரம் ஒரு தடவை வண்டியைக் கிளப்பி, சமாதானபுரம் பங்க் வரை போய்த் திரும்பச் சுடலைமுத்துவை ஏற்பாடு செய்தார். வீட்டில் ஆவுடை ஓட்டப் படித்து லைசென்ஸ் வைத்திருந்தாள்தான். வைத்திருக்கட்டும். லைசென்ஸ் வேறு, வண்டி வேறு. "நீ தொடாத, சொன்னா கேளு" என்று சொல்லிவிட்டு, போகிற அன்றைக்கு மீட்டரில் உள்ள எண்ணைச் சமையலறைக் காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்தார். அவள் அதைப் பார்த்தாள். பார்க்கவேண்டும் என்றுதான் எழுதினார், அதில் மறைக்க என்ன இருக்கிறது. திரும்பி வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் மீட்டரைப் பார்த்தார். வாரக் கணக்கு, பங்க் தூரம், பெருக்கிப் பார்த்தால் நாலே கிலோமீட்டர் வித்தியாசம். சுடலை ஒரு தடவை சுற்றிப் போயிருப்பான். மீட்டர் சரியாக இருந்தது. மீட்டர் சரியாக இருந்தால் வண்டி சரியாக இருந்தது. ஆனால் சுடலைமுத்து அதற்குப் பிறகு தெருவில் இவரைக் கண்டால் சைக்கிள் சக்கரத்தைக் குனிந்து பார்ப்பான். காற்று இறங்காத சக்கரத்தை ஒருவன் ஐந்து வருஷமாகப் பார்ப்பானா? இதை ஏன் இவ்வளவு நாள் யோசிக்கவில்லை?

"டீ ஆறுது" என்றார். ஆவுடை கப்பைப் பார்த்தாள், எடுக்கவில்லை. "எனக்கு வேண்டாம். எம்புட்டு நேரம் ஆகும்?" இடது கை வளையலை வலது கையால் சுற்றிக்கொண்டிருந்தாள். அது அவள் பழக்கம். எப்போதிலிருந்து பழக்கம்? கல்யாணமான புதிதில் இல்லை. அந்த மணிக்கட்டு கொஞ்சம் புடைத்திருக்கும். குளியலறையில் வழுக்கி விழுந்தது. அவர் சென்னையில் இருந்தபோதுதான், போனில்கூடச் சொல்லவில்லை, வந்து பார்த்தால் கையில் பட்டைத்துணி. பார்த்ததும் என்ன செய்தார்? குளியலறைக்குப் போனார். தரையில் காலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். பாசி இல்லை, ஆனாலும் ஓடு மோசமான ஓடு, கடைக்காரன் இரண்டாந்தரத்தை முதல் தரம் என்று தள்ளிவிட்டான் என்று முடிவுகட்டி, அந்த ஓட்டுக்கடையில் போய் அரை நாள் சண்டை போட்டு, பழைய ஓடுகளையெல்லாம் பெயர்த்துச் சொரசொரப்பான ஓடு பதித்தார். ஆவுடை அப்போதும் இதே மாதிரி வளையலைச் சுற்றிக்கொண்டு ஓரமாக நின்று பார்த்தாள். "இனிமே வழுக்காது" என்று சொன்னபோது ஒரு மாதிரி சிரித்தாள். நன்றி என்று எடுத்துக்கொண்டார். எதற்கு இப்போது குளியலறை ஓடு ஞாபகத்துக்கு வருகிறது, பட்டறைக் கதவைப் பார், யாரோ உள்ளே போகிறான், கையில் என்ன, துணியா, பெயிண்ட் டப்பாவா? துணிதான்.

ஷோரூம் நடுவில் யாருக்கோ புது வண்டி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம், முன்னால் பூசணிக்காய். பட்டுப் புடவை கட்டின ஒரு பெண் பானட்டில் சந்தனம் வைத்து நடுவில் குங்குமம் வைத்தாள், விரலைத் துடைக்க இடமில்லாமல் தலைமுடியில் துடைத்துக்கொண்டாள். தில்லைநாயகம் அதைப் பார்த்ததும் கொஞ்சம் இளகினார். அவர் வண்டிக்கும் பத்து ஆயுத பூஜை ஆயிற்று. ஊரார் வெளியே பொட்டு வைப்பார்கள், மழையில் போய்விடும். அவர் பானட்டைத் தூக்கி உள்ளே வைப்பார். எஞ்சினுக்கு இரு பக்கமும் சக்கரத்துக்கு மேலே தட்டையாக ஒரு இரும்புத் தகடு உண்டு, வலது தகட்டில் அவர் ஒரு பொட்டு, இடது தகட்டில் ஆவுடை ஒரு பொட்டு. போன வருஷத்துப் பொட்டின் மேலேயே வைக்கக்கூடாது, பக்கத்தில் வைக்கவேண்டும், வரிசையாக. இது அவர் போட்ட சட்டம். சர்வீஸுக்கு விட்டால் எஞ்சினில் தண்ணீர் அடிக்கக்கூடாது என்று பக்கத்திலேயே நிற்பார். ஒவ்வொரு வருஷமும் இரண்டு பக்கத்தையும் எண்ணுவார். ஏழு என்றால் அங்கே ஏழு, இங்கே ஏழு. எட்டு என்றால் எட்டு. வண்டியைக் கொடுத்த அன்றைக்கும் எண்ணினார், பத்து, பத்து. இதைச் சொன்னால் ஆவுடை "பொட்ட எண்ணுத மனுசன் ஒங்களத் தவிர ஒலகத்துல உண்டா" என்பாள். ஆனால் நினைத்துப் பாருங்கள், அதுதான் இப்போது கைகொடுக்கப் போகிறது. தகட்டை மாற்றியிருந்தால் பொட்டு இருக்காது. பொட்டு இருந்தால் தகடு மாறவில்லை. ஏன் இவ்வளவு நேரம் தோன்றவில்லை? துள்ளி எழுந்தார், சோபா இழுத்ததையும் மீறி. அதே நேரம் பட்டறைக் கதவு திறந்து ஜோயல் கையசைத்தான்.

"வா" என்றார் ஆவுடையிடம்.

"நான் இங்கனயே இருக்கேன்."

சாட்சிக்குக் கூட்டி வந்த ஆள் எழுந்திருக்கவில்லை. அதை அப்புறம் யோசிக்கலாம் என்று உள்ளே போனார். எண்ணெயும் ரப்பரும் கலந்த வாடை. லிஃப்டை இறக்கி வைத்திருந்தார்கள். பானட் திறந்திருந்தது. ஷோரூம் மெக்கானிக், மேலப்பாளையத்து மீரான், நரைத்த தாடிக்காரர், இடது பக்கத்தில் விளக்கைப் பிடித்தார். "இங்கன பாருங்க சார். இந்தத் தகடு கம்பெனில வந்தது கெடயாது. பழச வெட்டி எடுத்துட்டு வேற வச்சு வெல்டிங் பண்ணிருக்கு. கம்பெனி வெல்டிங்கு சொல்லி வச்ச மாதிரி புள்ளி புள்ளியா வரும், அந்தப் பக்கம் பாருங்க. இது கையால ஓடவிட்டது. நல்ல வேலக்காரந்தான், ஆனாலும் கை கைதான."

"இத நீங்க நேத்துப் பண்ணலன்னு நான் எப்படி நம்புவேன்?"

மீரான் கோபப்படவில்லை, சிரித்தார். "நேத்துப் பண்ணினா மேல பொட்டு எப்படி சார் இருக்கும்? அஞ்சாறு வருசப் பொட்டால்லா இருக்கு."

பொட்டு இருந்தது. தில்லைநாயகம் குனிந்து எண்ணினார். விரலை நீட்டி, தொடாமல், ஒவ்வொன்றாக. பத்து. பத்தும் இருந்தது. "எண்ணிப் பாரும்" என்று குரல் உயர்ந்தது. "பத்துப் பொட்டு. பத்து வருசம், வருசத்துக்கு ஒண்ணு. தகட மாத்திருந்தா இது எப்படி இருக்கும்? என்னத்தயாவது வெல்டிங்குன்னு சொன்னா நான் கேட்டுக்கிடணுமா?" ஜோயல் மீரானைப் பார்த்தான். மீரான் விளக்கை அசைக்கவில்லை. "எனக்குப் பொட்டப் பத்தித் தெரியாது சார். வெல்டிங்குதான் தெரியும்" என்றார். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் வலது பக்கத்தையும் ஒருமுறை எண்ணிக் காட்டத் திரும்பினார் தில்லைநாயகம், காட்டாமல் நின்றுவிட்டார். வலது பக்கத்தில் முதல் பொட்டு பொட்டாக இல்லை, ஒரு கறை, அங்கே இருந்தது என்று தெரிந்தவனுக்கு மட்டும் தெரியும். இரண்டாவது அதைவிடக் கொஞ்சம் தேவலை. மூன்றாவதில் குங்குமத்தின் நிழல். அப்படியே ஏறி ஏறி, பத்தாவது நேற்று வைத்ததுபோல் இருந்தது. பத்து வருஷம் என்றால் அப்படித்தான் இருக்கும். இடது பக்கம் திரும்பினார். முதல் பொட்டும் ஐந்தாவது பொட்டும் ஒரே நிறம். இரண்டும் மூன்றும் நாலும் அதே நிறம். ஒரே சந்தனம், ஒரே கெட்டி, ஒரே அளவு, ஒரே மாதிரி வெடித்திருந்தது. இடைவெளிகூட அளந்து வைத்தது மாதிரி. ஐந்தையும் ஒருத்தி ஒரே நாளில், ஒரே உட்காரலில், நிதானமாக மோதிர விரலால் வைத்திருக்கிறாள். ஆறிலிருந்துதான் வருஷம் தொடங்குகிறது.

எவ்வளவு நேரம் குனிந்திருந்தார் என்று தெரியவில்லை. இடுப்பு வலித்தது. அவருக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன, கூப்பிடாமலே வந்தன. அந்த நாலு கிலோமீட்டர். சுடலைமுத்து வராத ஒரு வாரம். அவள் தானே சாவியை எடுத்திருக்கிறாள். ஏதாவது ஒரு பாலத்துச் சுவர், ஒரு மின்கம்பம். வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுபோயிருக்கிறார்கள், அதனால் மீட்டர் ஓடவில்லை. சுடலைமுத்துதான் பட்டறை பார்த்துக் கொடுத்திருப்பான், பார்த்துக் கொடுத்துவிட்டு வாயை மூடியிருக்கிறான். அப்புறம் புதுத் தகட்டின் முன்னால் அவள் தனியாக நின்றிருக்கிறாள். கையில் பட்டைத்துணியோடு. மனுஷன் வந்தால் எண்ணுவான் என்று தெரியும். சந்தனம் குழைத்து, ஒன்று, இரண்டு, மூன்று. அவர் எத்தனையோ கள்ளத் தராசைப் பார்த்திருக்கிறார். பயந்தவன் செய்கிற கள்ளத்துக்கும் பேராசைக்காரன் செய்கிற கள்ளத்துக்கும் வித்தியாசம் தெரியும். இது பயந்தவள் செய்தது. யாரைப் பார்த்துப் பயந்தாள் என்று கேட்க அந்தப் பட்டறையில் வேறு ஆள் இல்லை. கோபம் வரும் என்று காத்திருந்தார். ஐந்து வருஷம் ஏமாற்றினாளே என்று மனசைக் குத்திக்கூடப் பார்த்தார். வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

"சார்" என்றான் ஜோயல். "இது நடந்தது ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா, அத மட்டும் சொல்லிருங்க."

தெரியாது என்பதுதான் உண்மை. தெரியாது, வீட்டில் மறைத்துவிட்டார்கள் என்றால் போதும், அவர் பெயர் தப்பித்துவிடும். ஜோயல் நம்பிவிடுவான். கண்ணாடி வழியாக ஆவுடையைப் பார்த்தார். அவள் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், எவ்வளவு நேரமாகவோ. வளையலைச் சுற்றவில்லை. கை அப்படியே நின்றிருந்தது.

"நாந்தான் இடிச்சேன்" என்றார் தில்லைநாயகம். "தெரிஞ்சுதான் எழுதிக் குடுத்தேன்."

ஜோயல் அவரைப் பார்த்தான். அந்தப் பார்வையை அவருக்கு நன்றாகத் தெரியும். கல்லைத் திருப்பினதும் கடைக்காரனை அவர் பார்க்கிற பார்வை. காகிதம் கொண்டுவந்தார்கள். 'உண்மைக்குப் புறம்பாக' என்று எழுதும்போது கை ஒரு தரம் நின்றது, எத்தனை பேரை இதே வார்த்தையை எழுத வைத்திருக்கிறோம் என்று. எழுதி முடித்து, அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

புதுக் கார் வெயிலில் நின்றது. உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தியும் அவர் வண்டியைக் கிளப்பவில்லை. ஆவுடை கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். "என்ன எழுதிக் குடுத்திய?" என்று கேட்டாள்.

"நான் இடிச்சேன்னு."

அவள் ஜிப்பிலிருந்து கையை எடுத்தாள். சாலையில் ஒரு லாரி போய், அந்தச் சத்தம் அடங்கினபின் சொன்னாள். "சொல்லிரலாம்னு ரெண்டு தடவ போன எடுத்தேன். மொதல்ல மீட்டர் எம்புட்டுன்னுதான் கேப்பிய."

கேட்டிருப்பார். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை, காலையிலிருந்து சந்தேகமில்லாமல் அவருக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். அவளுடைய இடது மணிக்கட்டைப் பார்த்தார். குளியலறை ஓடுகளைப் பார்த்திருக்கிறார், ஓட்டுக்கடையைப் பார்த்திருக்கிறார், இதை இத்தனை கிட்டத்தில் பார்த்ததில்லை. எலும்பு ஒரு பக்கம் விலகிச் சேர்ந்திருந்தது.

"கை இன்னும் வலிக்கா?"

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். எதற்குக் கேட்கிறார் என்று அவளுக்கும் ஒரு சந்தேகம் வந்து போவது தெரிந்தது.

"சும்மா இருக்கப்ப ஒண்ணும் இல்ல" என்றாள். "மழ வந்தாத்தான் கடுக்கும்."

ஐந்து வருஷத்தில் எத்தனை மழை பெய்திருக்கும் என்று தில்லைநாயகம் எண்ணத் தொடங்கினார். அவரால் எண்ண முடியவில்லை.